சரஸ்வதியிடம் சிக்கிய ஜப்பான் மரச்சீட்டுகள்

நான் செய்த மடத்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் இன்னும் கேவலமாக இருக்கும். ஒருவர் உயிர்போல வைத்திருந்த மரப்பெட்டியை, "கவலையே படாதீங்க, என்கிட்ட குடுங்க" என்று மார்தட்டி வாங்கி வந்தேன். மறுநாள் காலை அது அவருக்குக் கட்டாயம் வேண்டும். அதை, எந்தத் திருடனும் எந்தப் போலீசும் கைவைக்க முடியாத ஓர் இடத்தில் நானே கொண்டுபோய் வைத்தேன். பூட்டு கிடையாது. கதவுகூடக் கிடையாது. ஒரு பட்டுத்துணி, ஒரு குத்துவிளக்கு, பக்கத்தில் என் மனைவி. அவ்வளவுதான்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் எங்கள் ஆசிரியை. ஜப்பானியப் பெண். வயதில் என்னைவிடப் பதினைந்து வருடமாவது குறைவு, பொறுமையில் பல மடங்கு கூடுதல். ஆசிரியரை அவர்கள் மொழியில் "சென்செய்" என்று அழைப்பார்கள் என்பதால் நானும் அப்படியே அழைக்கிறேன்.

அந்த வகுப்பில் நான் சேர்ந்தது அறிவுத் தாகத்தால் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. வீட்டிலிருந்தபடி கணினியில் வேலை பார்த்துப் பார்த்து என் தொப்பை மேசையின் மேல் தானாக ஏறி உட்காரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆக்லாந்து நகரத்தில், மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கம்யூனிட்டி சென்டர். ஞாயிறு காலையில் அங்கே பாட்டுப் போட்டு ஆடும் உடற்பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கும். அதில் சேர்ந்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்று மனைவி உத்தரவு. போனேன். கதவைத் திறந்ததும் ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் ஒற்றைக் காலில் துள்ளியது. தரை அதிர்ந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு எதிர் அறையைப் பார்த்தேன். அமைதி. நாற்காலிகள். வாசலில் ஒரு தாள்: "எழுத்தே இல்லாத நாடு எழுதக் கற்றுக்கொண்ட கதை." எழுத்தைவிட நாற்காலிதான் என்னை உள்ளே இழுத்தது.

உள்ளே என்னோடு சேர்த்து ஐந்து பேர். சென்செய் பேசியது ஆங்கிலம். என் காதுக்கு அது எப்படிக் கேட்டதோ அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"எங்க நாட்டுல பேச்சு இருந்தது, பாட்டு இருந்தது, கதை இருந்தது. எழுத்து மட்டும் இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் சீனாவுல இருந்தது. கொரியா வழியா படகேறி வந்த எழுத்தர்களும் பிக்குகளும் கொண்டுவந்தாங்க. கடன் வாங்கின சட்டை. எங்க உடம்புக்குச் சரியா வரல."

சரியாக வராததற்குக் காரணம் சொன்னார். சீன மொழியில் "நான் சாப்பிட்டேன் சோறு" என்கிற வரிசை. ஜப்பானியருக்கு நம்மைப்போல வினை கடைசியில்தான் வரும். அதனால் அந்தக் கால ஜப்பானிய அறிஞர்கள் சீன நூலைக் கையில் எடுத்து, வரிகளின் ஓரத்தில் குட்டிக் குட்டிக் குறிகள் போட்டு, "இதை அப்புறம் படி, அதை முதலில் படி" என்று கண்ணைத் தவளை மாதிரி முன்னும் பின்னும் தாவவிட்டுத் தங்கள் மொழியிலேயே படித்துவிடுவார்களாம். எழுதியிருப்பது சீனம், வாயில் வருவது ஜப்பான்! எனக்குப் புல்லரித்தது. புல்லரித்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பவன் அல்லன்.

"சென்செய், அப்படின்னா இதெல்லாம் தமிழ்ல இருந்து வந்ததுதானே?"

"இல்லை."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

மனம் தளராமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்து அவர் சொன்னதில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். தங்கள் ஊர்ப் பெயரை, ஆள் பெயரை, பாட்டைச் சீன எழுத்தில் எப்படி எழுதுவது? பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். "த" என்ற ஒலிக்கு ஓர் எழுத்து, "க" என்ற ஒலிக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்துக்குச் சீனத்தில் மலையென்று பொருளோ மாடென்று பொருளோ, யாருக்குக் கவலை? என் மகள் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பும் தமிழ் இதுதானே! தமிழ் எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. "அப்பா சாப்பாடு ரெடி" என்பதை ஆங்கில எழுத்தில் ஓசைக்கு ஓசை அடித்து அனுப்புவாள். அவளைத் தமிழ் படிக்காத பிள்ளை என்று இத்தனை வருடம் திட்டியிருக்கிறேன். அவளோ பழைய ஜப்பானின் அரண்மனை எழுத்தர்கள் போன வழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்புறம்தான் மரச்சீட்டுகள் வந்தன. என்னை முழுதாக விழுங்கியவை அவைதான்.

காகிதம் அரிதாக இருந்த காலம். அன்றாட எழுத்துவேலை எல்லாம் மெல்லிய மரத்துண்டுகளில் நடந்தது. ஊர் ஊராக வரிப்பொருள் தலைநகருக்கு வரும்: உப்பு, கடற்பாசி, காயவைத்த சிப்பிக் கறி. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு மரச்சீட்டு. எந்த ஊர், எந்த ஆள், என்ன பொருள். கயிறு கட்டுவதற்கு இரண்டு பக்கமும் சிறு வெட்டு. வேலை முடிந்ததும் எழுதிய முகத்தைக் கத்தியால் சீவிவிட்டால் மறுபடியும் புதுப் பலகை. எழுதப் பழகும் குமாஸ்தாக்கள் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதி, சலித்துப்போய் ஓரத்தில் முகம் வரைந்து, சீவி, மறுபடி எழுதியிருக்கிறார்கள். அந்தச் சீவல்களும் சீட்டுகளும் பழைய குப்பைக்குழிகளின் ஈரமண்ணில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் அழுகாமல் கிடந்திருக்கின்றன.

"சீவிச் சீவி ரொம்ப மெல்லிசாப் போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"நீளவாக்கில பிளந்து கழிவறைக்கு அனுப்பிடுவாங்க," என்றார் சென்செய், முகத்தில் அசைவே இல்லாமல். "துடைக்கிறதுக்கு."

அன்று முழுக்க நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தில் நான் எழுதும் அறிக்கைகளுக்கு இப்படி ஒரு கதியாவது கிடைக்கவில்லையே என்ற ஏக்கமும் லேசாக வந்தது.

சென்செய் ஜப்பானில் பல்கலைக்கழகத்தில் படித்தது இந்தச் சீட்டுகளைத்தான். மண்ணிலிருந்து எடுத்த மரத்துண்டை மெதுவாகக் கழுவி, அதில் அரையெழுத்தாவது தெரிகிறதா என்று பார்க்கும் வேலை. கல்யாணமாகி ஆக்லாந்து வந்தபின் அந்தப் படிப்புக்கு இங்கே ஒரு நாற்காலியும் கிடைக்கவில்லை. பாட்டனி டவுன்ஸில் ஒரு பெரிய கடையில் அலமாரிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறார். "ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சீட்டைப் படிச்சேன். இப்ப இந்த வாரத்துச் சீட்டை ஒட்டுறேன். தொழில் மாறல," என்பார் சிரித்துக்கொண்டு. அவர் தான் படித்ததை வாய்விட்டுச் சொல்லும் இடம் நகரத்திலேயே அந்த ஓர் அறைதான்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

எதிர் அறையில் துள்ளும் கூட்டம் பெருகிப் பெருகி, அவர்களுக்கு இரண்டாவது அறை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சென்டரின் மேலாளர் ஓர் உயரமான அம்மையார். ஆரஞ்சு நிறச் சட்டை, குரல் குறைவு, பார்வை அதிகம். அவர் எங்களிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, எல்லா வகுப்புகளும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். யார் அறைக்கு ஆள் வருகிறார்களோ, அவர்களுக்கு அடுத்த ஆண்டு அறை.

"ஐந்து பேருக்கு ஓர் அறை கொடுக்க மாட்டாங்க," என்றார் சென்செய். அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை முதல்முறை பார்த்தேன்.

"பார்த்துக்கலாம்!" என்றேன் நான். நிலைமை மோசமாகப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

திட்டம் எளிது. அவர் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த சைப்ரஸ் மரத்தில் தன் கையாலேயே பழைய சீட்டுகளின் மாதிரிகள் செய்து வைத்திருந்தார். தொட்டாலே மணக்கும். அவற்றோடு தூரிகைகள், மை, சீவும் கத்தி எல்லாம் ஒரே மரப்பெட்டியில். வருகிறவர்கள் தூரிகை பிடித்து ஒரு சீட்டு எழுதலாம், சீவலாம், மறுபடி எழுதலாம். சனிக்கிழமை அவருக்குக் கடையில் முழுநாள் வேலை. ஞாயிறு காலை நேராகப் பேருந்தில் வருவார். நான் நடக்கும் தூரத்தில் இருப்பவன். ஆகவே பெட்டி என்னிடம்.

சனிக்கிழமை சரஸ்வதி பூஜை.

எங்கள் வீட்டில் பூஜையின் அடுக்கு கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். மனைவி நர்ஸ், ஆகவே ஸ்டெதஸ்கோப். மகளின் கணக்குப் புத்தகம். என் லேப்டாப், ஒருநாள் முழுக்க அதைத் தொடவேண்டாம் என்பதால் வருடத்தில் நான் மிகவும் பக்தியோடு செய்யும் காரியம் அதுதான். எல்லாம் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பரவசம் வந்தது. எழுத்தே இல்லாத நாட்டுக்கு எழுத்து வந்த கதை கூடத்தில் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. கலைமகளுக்கு இதைவிடப் பொருத்தமாக எதை வைப்பது? பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு மரச்சீட்டையும் விசிறிபோலப் பரப்பி, தூரிகைகளை நடுவில் நிறுத்தி, பொட்டும் வைத்தேன். படமெடுத்துச் சொந்தக்காரர்களின் குழுவில் போட்டேன். பதினைந்து பேர் கைகூப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால் என்ன? ஞாயிறு விஜயதசமி. விடியற்காலை மறுபூஜை, பத்து மணிக்கு முன்னால் பெட்டி சென்டரில். கணக்கு பிசகாது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை குளித்துவிட்டுப் பெட்டியில் கை வைத்தேன்.

"என்னங்க, கையை எடுங்க."

"விஜயதசமி ஆயிடுச்சே?"

"எங்க ஆச்சு? சென்னையில இன்னும் விடியவே இல்ல. எங்க வீட்டுல எல்லாமே சென்னைப் பஞ்சாங்கம்தான். எங்க அக்கா அங்க மறுபூஜை முடிச்சதும் போன் பண்ணுவா. அப்புறம்தான் இங்க."

"அங்க விடியும்போது இங்க ஒன்றரை மணிடீ! ஒரு மணிக்கு அங்க எல்லாம் முடிஞ்சிடும்!"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"இது ஆக்லாந்து. உலகத்துலயே முதல்ல விடியற ஊர்கள்ல ஒண்ணு."

"ஊரு ஆக்லாந்து. சாமி சென்னை."

மகள் மாடிப்படியில் உட்கார்ந்து கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "அப்பா, யூ ஆர் ஸோ டெட்."

மனைவியைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் அவள் ஏதாவது விரதத்தில் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டபோதெல்லாம், "சென்னை நேரத்தை விடக்கூடாது" என்று வீரவசனம் பேசியவன் நான்தான். கெஞ்சினேன். ஒரே ஒரு தூரிகை? கிடையாது. ஒரே ஒரு சீட்டு, ஓரத்தில் இருக்கிறதே அது? கிடையாது. கடைசியில் இரக்கப்பட்டு ஒரு டப்பாவை என் கையில் திணித்தாள். "சுண்டல். அந்தப் பொண்ணுக்குக் குடுங்க. பாவம், உங்களை நம்பியிருக்கா."

ஆக, ஜப்பானின் எழுத்துவரலாற்றைக் கொண்டுபோக வேண்டியவன் கொண்டைக்கடலைச் சுண்டலோடு சென்டருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சென்செய் அறையைப் பெருக்கி, மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். என் பின்னால் பார்த்தார். எதிர் அறையில் ஒலிபெருக்கி உறுமத் தொடங்கியது.

"பெட்டி?"

விளக்கினேன். விளக்குவது எளிதாக இல்லை. கல்விக்கு ஒரு தேவி, வருடத்துக்கு ஒருநாள் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்போம், திருப்பித் தர அவளுக்குச் சம்மதம்தான், ஆனால் அவள் சென்னை நேரத்தில் இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

சென்செய் டப்பாவை வாங்கி மேசையில் வைத்தார். அவர் கண் கலங்கியதுபோல எனக்குத் தோன்றியது. பிறகு கேட்டார்: "கையில வீணை மாதிரி ஒண்ணு வச்சிருப்பாங்களா?"

"ஆமா!"

"எங்க ஊர்லயும் இருக்காங்க. புத்தரோட சேர்ந்து வந்தவங்க. பேர் வேற." பெருமூச்சு விட்டார். "அவங்களோட நான் சண்டைக்குப் போக முடியாது. உங்களோட போகலாம். அது அப்புறம். இப்ப நம்மகிட்ட என்ன இருக்கு?"

அவர் கைப்பையில் கடையில் விலைச்சீட்டு எழுதும் கறுப்பு மார்க்கர்கள் நாலைந்து இருந்தன. மரம் இல்லை. பத்து மணி தாண்டிவிட்டது. மேலாளர் அம்மையார் கையில் எண்ணும் கருவியோடு தாழ்வாரத்தில் நடந்தார். எதிர் அறை வாசலில் டிக், டிக், டிக், டிக். எங்கள் வாசலில் நின்றார். உள்ளே பார்த்தார். டிக் இல்லை. போய்விட்டார்.

எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் வெயில் அடித்தது. ஒரு சிறுமி ஐஸ்கிரீமைத் தின்று முடித்துவிட்டுக் குச்சியைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

மெல்லிய மரம். தட்டை. நீளவாக்கு.

நான் ஓடினேன். என்னை அறிந்தவர்கள் இந்த இரண்டு சொற்களையும் நம்ப மாட்டார்கள். தெருமுனையில் ஒரு டெய்ரி. பால், ரொட்டி, லாலிபாப் விற்கும் மூலைக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"குச்சி ஐஸ் எவ்வளவு இருக்கோ அவ்வளவும் வேணும்!"

"என்ன அண்ணை, வீட்டில விசேஷமோ?"

மூச்சு வாங்க வாங்கக் கதையைச் சொன்னேன். அவர் ஐஸ்பெட்டியைக் காலி செய்துகொண்டே நிதானமாகக் கேட்டார். "சென்னை நேரமோ? நாங்கள் இஞ்சத்தை நேரத்துக்குத்தான் செய்யிறது. எங்கட பூசை வெள்ளனவே முடிஞ்சுது. பெட்டியை எங்கட வீட்டில வைச்சிருக்கலாமே?"

"இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கள் நேற்றுக் கேக்கேல்லையே அண்ணை."

ஐஸ்கிரீம் பெட்டிகளோடு திரும்பி, வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்: "ஐஸ்கிரீம் இலவசம். குச்சியைத் திருப்பித் தரவும்." ஐந்தே நிமிடத்தில் வரிசை நின்றது. இருபது நிமிடத்தில் நக்கி முடித்த குச்சிகள் வந்து குவிந்தன. சென்செய் முதல் குச்சியை எடுத்து மார்க்கரை வைத்தார். மை பரவி எழுத்து புகையாய்க் கலைந்தது. பால்பிசுக்கு!

வரிசையே எங்களைப் பார்த்தது. சென்செய் அசரவில்லை. சமையலறையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துவந்து, குச்சியைச் சாய்த்துப் பிடித்து, மேல்முகத்தை ஒரே இழுப்பில் சீவினார். சுருள் சுருளாக ஒரு மெல்லிய சீவல் விழுந்தது. அடியில் வெள்ளை மரம். அதில் எழுதினார். நின்றது!

"இப்படித்தான்," என்றார், குரல் உயர்ந்து. "இப்படியேதான் செய்தாங்க!"

அப்போதிலிருந்து எனக்கு உத்தியோகம் கிடைத்தது. தரையில் கால்நீட்டி உட்கார்ந்து குச்சிகளைச் சீவுகிறவன். சென்செய் மேசையில். வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "உங்க ஊர் எது? அரசனுக்கு வரியா என்ன அனுப்புவீங்க?" ஊர்ப்பெயரின் ஒவ்வோர் ஓசைக்கும் பழைய எழுத்து ஒன்றை அவர் தாளில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்து அவர்கள் குச்சியில் எழுத வேண்டும்.

"டாக்கபூனா. மணல் அனுப்புவேன்," என்றான் ஒரு பையன்.

டா, க, பூ, னா. நாலு ஓசை, நாலு எழுத்து. அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. அடுத்து பாப்பாகுரா. வரிப்பொருள்: மோட்டார்வே நெரிசல். பா, பா, கு, ரா. அதுவும் உட்கார்ந்தது. ஓட்டாரா, மனுகாவ், எல்லாம் உட்கார்ந்தன. சென்செய் மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஊர்ப்பெயர்களும் பழைய ஜப்பானியச் சொற்களும் ஒரே மாதிரி உயிரெழுத்தில் முடியும் ஓசைகளாக நடக்கின்றன. கடல் கடந்து வந்த எழுத்து இங்கேயும் கரையேறிவிடுகிறது!

ஹென்டர்சன் என்ற பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். வாட்டசாட்டமான டோங்கா தீவு மனிதர், தோளில் குழந்தை. சென்செய் நெற்றியைச் சொறிந்தார்.

"அந்தக் காலத்துல தனியா நிக்கிற 'ன்' எங்ககிட்ட இல்ல. உங்க ஊர் கொஞ்சம் கஷ்டம்."

"எங்க ஊர் எல்லாத்துக்கும் கஷ்டம்தான்," என்றார் அவர். "எழுதித் தாங்க. மார்ட்கேஜை வரியா அனுப்பறேன்."

சென்செய் ஒரு வழி கண்டுபிடித்தார். "அவங்க எப்படிச் சமாளிச்சிருப்பாங்களோ அப்படி," என்று கிட்டத்தட்ட வரும் ஓசைகளை வைத்து நீட்டி முழக்கி எழுதினார். அந்த மனிதர் அதை வாய்விட்டுப் படித்தார். அவர் ஊர் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அறை முழுக்கச் சிரித்தது. பிழையாக எழுதியவர்கள் குச்சியை என்னிடம் தூக்கி எறிந்தார்கள். நான் சீவித் திருப்பிக் கொடுத்தேன். ஒரு கொரியத் தாய் தன் பிள்ளைகளிடம், "இதையெல்லாம் அவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுத்தது நம்மாளுங்கதான்" என்று பெருமையோடு சொன்னதைக் கேட்டதும், உலகத்தில் நான் தனி ஆள் இல்லை என்று நிம்மதி வந்தது.

ஆக்லாந்து வானத்துக்கு ஒரு குணம் உண்டு. யாரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்பவிடாது. சடசடவென்று மழை. முற்றத்தில் நின்றவர்களெல்லாம் உள்ளே பாய்ந்தார்கள். எதிர் அறையில் ஆட இடம் வேண்டும், நிற்க இடமில்லை. ஆகவே எங்கள் அறைக்கே வந்தார்கள். டிக், டிக், டிக், டிக்! மேலாளரின் கட்டைவிரல் ஓயவில்லை. நான் தரையிலிருந்து அண்ணாந்து சென்செய்யைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து சொன்னார்:

"ஐஸ்கிரீமுக்கும் மழைக்கும் வந்தவங்க. மேலாளருக்கும் அது தெரியும்."

திரும்பினேன். மேலாளர் எண்ணும் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். எல்லா டிக்கும் போச்சு. சுவரில் சாய்ந்து, கைகட்டி, காத்து நின்றார்.

ஐஸ்கிரீம் தீர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மழையும் விட்டது. சன்னலில் பளீரென்று வெயில். இனி இந்த அறையில் இருக்க யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. என் கைக்கத்தி நின்றுவிட்டது. சென்செய் தலைநிமிரவில்லை, யாருக்கோ ஓர் எழுத்தின் மூன்றாவது கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் போனார்கள். ஒரு குடும்பம் போனது. டாக்கபூனாப் பையனின் அப்பா, "வாடா, போகலாம்" என்றார்.

"இருப்பா, இதைச் சீவிட்டு இன்னொரு தடவை. 'பூ' கோணலா இருக்கு."

அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவரும் ஒரு குச்சியை எடுத்தார். டோங்கா மனிதர் தன் ஊரை ஆறாவது முறையாக எழுதினார், நாக்கைக் கடித்துக்கொண்டு. குழந்தை அவர் மடியில் தூங்கிவிட்டது. உடற்பயிற்சி முடித்துத் துண்டோடு வந்த இருவர், "இங்க உட்காரலாமா?" என்று கேட்டார்கள். அறையில் பேச்சே இல்லை. மார்க்கர் உரசும் சத்தமும் என் கத்தியின் சத்தமும்தான். சுவரோரத்தில் டிக் என்றது. கொஞ்சம் கழித்து இன்னொரு டிக். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. எதிர் அறையில் ஒரு நாளும் வராத ஆசை.

ஒரு மணி தாண்டியும் ஆட்களைக் கெஞ்சித்தான் வெளியே அனுப்பினோம். இரண்டே காலுக்கு என் மனைவி ஓட்டமும் நடையுமாகப் பெட்டியோடு வந்தாள். அக்கா போன் செய்துவிட்டாளாம். சென்செய் பெட்டியைத் திறந்து, குங்குமப் பொட்டு வைத்த மரச்சீட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோம்மா. பொட்டைத் துடைச்சிடலாம்," என்றாள் மனைவி.

"வேண்டாம். இது இருக்கட்டும். இதைச் சீவ மாட்டேன்." பிறகு, "சுண்டல் நல்லா இருந்தது," என்றார். இருவரும் என்னைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் சென்செய் தாழ்வாரத்தைப் பார்த்தார். மேலாளர் ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முடிவை இன்னும் வாய்திறந்து சொல்லவில்லை. எல்லாருக்கும் மின்னஞ்சல் வரும் என்பது வழக்கம். அது வரும்வரை சென்செய் எப்படித் தூங்குவார்? எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையெல்லாம் மரச்சீவலோடு ஓடிப்போய் வழிமறித்தேன். கொரியாவிலிருந்து படகு வந்ததில் தொடங்கினேன். தவளைபோலத் தாவும் கண், வரிமூட்டைகள், ஈரமண்ணில் அழியாத குமாஸ்தாவின் கிறுக்கல், பாப்பாகுராவின் நாலு ஓசை, கழிவறைக் குச்சி, ஒன்றையும் விடவில்லை. "இந்த அறை போனால், மேடம், இந்த நகரத்தில் இதைச் சொல்ல வேறு இடமில்லை!" என்று கையை விரித்து முடித்தேன்.

அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, என் தோளுக்கு மேலாக, உருகிய ஐஸ்கிரீமும் சீவலுமாய்க் கிடந்த தரையைப் பார்த்தார்.

"அறை உங்களுக்குத்தான், தரையைத் துடைச்சிட்டுப் போங்க."